பதினேழு வளைவை முன்மொழிந்தது யார்?

போடிநாயக்கனூர்
2 செப்டம்பர் 2024

கயலுக்கு,

உன் செல்போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். மெயிலுக்கும் பதில் இல்லை. அதனால் உன் கம்பெனி முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறேன். உறையின் மேல் எங்கள் கடை முத்திரை இருப்பதைப் பார்த்து ஏலக்காய் விலைப்பட்டியல் என்று கிழித்துப் போட்டுவிடாதே.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘பதினேழு வளைவு’ ஒரு விருதின் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது. சின்ன ஆட்கள் சொந்தமாகச் செய்து விற்கும் மேசை விளையாட்டுகளுக்காக, விளையாடுகிறவர்களே சேர்ந்து இணையத்தில் நடத்தும் விருது. யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதிலிருந்து ஆறு விளையாட்டுகளை எடுத்து மாதக் கடைசி வரை ஓட்டுக்கு விட்டிருக்கிறார்கள். மெயில் முகவரி இருந்தால் போதும், யாரும் ஓட்டுப் போடலாம். முதலில் வருவதை மூன்று மொழிகளில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். “அது என்ன, சீட்டுக்கட்டா?” என்றார். “இல்லப்பா. அஞ்சு பேர் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு ஆளா மாறிக்கிடணும். போடிமெட்டுக்கு ஏறுற ஜீப்புல நாம போறதா வச்சுக்கிடணும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஒரு சங்கடம் வரும். பகடை உருட்டி, பேசிப் பேசி மேல ஏறணும்” என்றேன். “நெசமாவே ஏற வேண்டியதுதான, ஜீப்பு நம்மகிட்ட இருக்குல்ல?” என்றார். சீசன் தொடங்குவதற்குள் குடோனில் இருக்கும் விளையாட்டுப் பெட்டிகளை எடுத்துவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு நான் முழு நேரமும் கடையில் உட்கார வேண்டுமாம். இந்த விருது கிடைத்தால் அவரிடம் பேச எனக்கு வாய் இருக்கும்.

கேட்க வந்தது இதுதான். முன்மொழிந்தது நீதானே? நீதான் என்றால் நன்றி. உன் கம்பெனியில் எல்லோருக்கும் ஓட்டுச் சுட்டியை அனுப்பி வை. நான் இங்கே சபை வாலிபர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். கிங்ஸ்லி அண்ணனும் செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

ஜெபா


புனே
9 செப்டம்பர் 2024

ஜெபா,

தபாலில் கேட்டதற்கு மெயிலில் பதில். முன்மொழிந்தது நான் இல்லை.

அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். ‘உருவாக்கியவர்: ஜெபஷீலா இம்மானுவேல்.’ அவ்வளவுதான். அச்சகத்துக்கு அனுப்புகிற அன்று நான் கோபத்தில் “என் பெயரை எடுத்துவிடு” என்று எழுதினேன். எடுத்துவிடுவாய் என்று நினைத்து எழுதவில்லை.

எதற்குக் கோபம் என்பதை நீ மறந்திருக்கலாம். ஒன்று விழுந்தால் ஜீப்பை விட்டு இறங்க வேண்டும், இறங்கியவர் ஆட்டம் முடியும் வரை வாய் திறக்கக்கூடாது என்று விதி வைத்தாய். உங்கள் வீட்டு மாடியில் நான் மூன்றாவது வளைவில் இறங்கிவிட்டு, நீங்கள் நான்கு பேரும் சிரித்துச் சிரித்து மேலே ஏறுவதை மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமே இறங்க வேண்டாம் என்றேன். “பயம் இல்லாட்டி அது என்ன மலை?” என்று கேட்டுவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பினாய்.

ஓட்டுக் கேட்டு யாருக்கும் அனுப்பமாட்டேன். என் ஆபீஸில் யாரும் அதை விளையாடியதில்லை. விளையாடாதவர் எதற்காக ஓட்டுப் போட வேண்டும்?

ஒன்று மட்டும் புரியவில்லை. முன்மொழிந்தவர் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்தாயா? இறங்கியவர் திரும்ப ஏறலாம் என்று அதில் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் விதியை எப்போது மாற்றினாய்?

கயல்


போடிநாயக்கனூர்
10 செப்டம்பர் 2024

கயல்,

நான் மாற்றவில்லை. சத்தியமாக மாற்றவில்லை. உன் கை என்றுதான் நினைத்தேன். குறிப்பு ஆங்கிலத்தில் சுருக்கமாக இருந்ததால் நீ அலுவலக பாஷையில் எழுதியிருப்பதாக நினைத்துவிட்டேன். இன்று விருதுக்காரர்களிடம் கேட்டு மூலத்தை வாங்கினேன். அது தமிழில்தான் இருந்திருக்கிறது. அப்படியே கீழே போடுகிறேன்.

‘இதை நாங்கள் ஓடுகிற வண்டியில் விளையாடுகிறோம். பகடை உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விடுவதால் எதிரே வரும் வண்டியின் கடைசி நம்பர்தான் எங்களுக்குப் பகடை. ஆறுக்கு மேல் வந்தாலும் பூஜ்யம் வந்தாலும் அடுத்த வண்டி. சின்னமனூர் தாண்டினால் லாரி நிறைய வரும், ஆட்டம் சூடுபிடிக்கும். ஜீப்பை விட்டு இறங்கியவர் மறுநாள் வேறு ஆளாக வந்து கை காட்டினால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தவிர வேறு வழி இல்லை. – ஜன்னலோரம்.’

நான்கு தடவை படித்தேன். யார் கயல் இவர்கள்? தேனியில் அந்தப் பேனா நோட்டுக் கடையில் கொஞ்சம் பெட்டி விற்றது. எங்கள் சபை விற்பனை நாளில் கொஞ்சம். மீதி சென்னை, கோவை. எந்தப் பெட்டி இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது? லாரி டிரைவர்களாக இருக்குமோ? ஒருவேளை சாமி கும்பிட வேனில் போகிறவர்களோ?

உன் மற்ற வரிகளுக்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை.

ஜெபா


புனே
11 செப்டம்பர் 2024

ஜெபா,

லாரியும் இல்லை, வேனும் இல்லை. பஸ்.

‘மறுநாள்’ என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் ஒரே வழியில் போகிறவர்கள்தான் அப்படி எழுதுவார்கள். சின்னமனூர் தாண்டுகிற பஸ் என்றால் கம்பம்–தேனி. வேலைக்குப் போகிற கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து போவது காலையில்தான். சாயங்காலம் ஆளுக்கொரு நேரத்தில் திரும்புவார்கள். தேனிக்குக் கடை திறக்கும் நேரத்துக்குள் போய்ச் சேருகிற பஸ்கள் இரண்டோ மூன்றோதான். ஓட்டுநர் பக்கத்து ஜன்னலோரமாகத் தேடு. எதிர் வண்டியின் நம்பர் அங்கிருந்துதான் தெரியும்.

உன் சாராள் அத்தை கம்பத்தில்தானே இருக்கிறார்கள்? ராத்திரி அங்கே தங்கிவிட்டுக் காலையில் ஏறு. உடனே நீ யார் என்று சொல்லிவிடாதே. முதலில் அவர்கள் விளையாடுவதைக் கேள். ஒரே ஆட்டத்தில் இரண்டு பேர் இறங்கினால் என்ன செய்கிறார்கள் என்று பார். அது எனக்குத் தெரிய வேண்டும்.

ஓட்டு விஷயத்தில் என் மனம் மாறவில்லை. பெயர் விஷயத்திலும்தான்.

கயல்


கம்பம்
19 செப்டம்பர் 2024

கயல்,

கண்டுபிடித்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று ஏறிய பஸ்ஸில் எல்லோரும் தூங்கினார்கள். இன்று அதற்கடுத்த பஸ்ஸில் ஏறினேன். உத்தமபாளையம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அங்கே உரக்கடைப் பையோடு ஒருவர் ஏறியதும் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “ஏறுங்கண்ணே. பனி இறங்கிருச்சு. நாலாவது வளைவு. ஜீப்புக்குள்ள ஒரு பை கெடக்கு, யாரோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியல” என்றது. நாலாவது வளைவு, யாருடையது என்று தெரியாத பை. அது நான் எழுதியது, கயல். நீ ‘பைக்குள் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லவே கூடாது’ என்று சேர்த்தது.

உரக்கடைக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “டேங்கர் லாரி. ஒன்னு!” என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் “போச்சு, போச்சு” என்று கத்தினார்கள். நடத்துனர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“அப்ப நான் எறங்குறேன் ஆத்தா. பையத் தூக்கிக்கிட்டு எறங்குறேன்.”

“எங்கன எறங்குவீக? இருட்டுல ஆனை நிக்கிது.”

“நிக்கட்டும். என்னோட பை இல்லன்னு இவ்வளவு நேரம் பொய் சொன்னேன்ல. அதான்.”

அய்யாத்துரை என்பது அவர் பெயர். சின்னமனூரில் நிஜமாகவே இறங்கிப் போனார். அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “நீங்க கயலோட மதினியில்ல?” என்றேன்.

“நீ போடிக்காரப் புள்ளதான? எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறுனியே” என்றார்.

உன் அண்ணன் பெண்டாட்டிதான், கயல். பூமாரி மதினி. தேனியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடப் போகும் வழியில், அனுமந்தன்பட்டியிலிருந்து இத்தனை நாளாக நம் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீ புனே போகும்போது உன் பங்குப் பெட்டிகளைச் சாக்கில் கட்டி மச்சில் போட்டாயாமே. “கரையான் படிக்கிறதுக்கு நாம படிப்பமேன்னு எடுத்தேன்” என்றார். விருதைப் பற்றி அவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு கல்லூரிப் பையன் சொன்னானாம். செல்போனிலேயே எழுதி அனுப்பிவிட்டார்.

அந்த விதியைப் பற்றிக் கேட்டேன். “அய்யாத்துரை அண்ணே சின்னமனூர்ல எறங்கிருவாக. மறுநா ஏறித்தான ஆகணும்? நீ எழுதி வச்ச மாதிரி வாய மூடி உக்காருங்கன்னா அவுக வேற பஸ்ஸுக்குப் போயிருவாக” என்றார். இரண்டு பேர் இறங்கினால், மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்களாக ஏற வேண்டுமாம். அண்ணன் தம்பியாக இறங்கினாலும் அப்படித்தானாம்.

கடைசியில், “ரெண்டு பேரும் பேசுறதில்லையாமே?” என்று கேட்டார். எழுதிக்கொள்கிறோம் என்றேன். “அது சரி” என்றார். அந்த “அது சரி”யை நீ கேட்டிருக்க வேண்டும்.

உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி விருதுக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். உனக்கு ஒரு மெயில் வரும், சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டாலும் நான் திரும்ப எடுக்கப்போவதில்லை.

ஜெபா


புனே
20 செப்டம்பர் 2024

ஜெபா,

மதினியா!

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம். நெல் என்ன விலை, அண்ணனுக்கு முதுகுவலி எப்படி, இதையே பேசியிருக்கிறார். இப்போது கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ அந்தப் பெட்டியப் பத்திப் பேச்செடுத்தாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அதான் உனக்குத் தெரியாம வெளயாண்டோம்” என்றார். என் மூஞ்சி போனில் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். அவருக்குப் போடிமெட்டில் தொடங்கி விளக்க வேண்டியதாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். யாருமே இறங்கக்கூடாது என்றேன் நான். இறங்கியவர் திரும்பக்கூடாது என்றாய் நீ. இரண்டுமே பஸ்ஸில் நடக்காது. நாம் அத்தனை நாள் சண்டை போட்டோமே, ஒருதடவைகூட இந்த மூன்றாவது வழி நமக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கு வருத்தமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. மேசையை விட்டு யாரும் எழுந்து போகாத இடத்தில் விளையாடிப் பார்த்ததாலா?

இன்னும் கேள்விகள். அய்யாத்துரை மறுநாள் யாராக ஏறினார்? பை என்ன ஆயிற்று? நடத்துனர் விளையாடுகிறாரா? எழுது.

கயல்


போடிநாயக்கனூர்
27 செப்டம்பர் 2024

கயல்,

அய்யாத்துரை வனக்காவலராக ஏறினார். தான் தூக்கிக்கொண்டு போன பையைத் தானே தேடுகிறார். நடத்துனர் விளையாடுவதில்லை, ஆனால் எல்லோரையும் விட அதிகமாக யோசனை சொல்கிறார்.

இனி மோசமான செய்தி. அன்று கம்பத்திலிருந்து வந்ததுமே கிங்ஸ்லி அண்ணனிடம் ஓட்டுக் கேட்பதை நிறுத்தச் சொன்னேன். தலையாட்டினான். ஆட்டிவிட்டு ஏலக்காய் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழு, அவன் கல்லூரிக் குழு, கிரிக்கெட் குழு எல்லாவற்றிலும் போட்டிருக்கிறான். ‘சூப்பர் கேம், தங்கச்சிக்கு ஒரு ஓட்டு’ என்று எழுதி, அதையே கருத்துக் கட்டத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறான். ஒரே சாயங்காலத்தில் நாம் முதலிடத்துக்குப் போய்விட்டோம். அப்பா பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று காலை விருதுக்காரர்களிடமிருந்து மெயில். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரே பகுதியிலிருந்து ஒரே வார்த்தைகளோடு நிறைய ஓட்டு வந்திருக்கிறது, இவர்கள் விளையாடியவர்களா என்று கேட்கிறார்கள். விருதின் விதியில் விளையாடியிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அதனால் நான் ஆமாம் என்று ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

அண்ணனிடம் சண்டை போட்டேன். “ஓட்டுன்னா ஓட்டுதான? இதுல நல்ல ஓட்டு, சொத்த ஓட்டுன்னு தரம் பிரிக்க இது என்ன ஏலக்காயா? நீ ஜெயிக்கணும்னுதான செஞ்சேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காக யாரிடமும் எதையும் கேட்டிராதவன், கயல். அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

இல்லை என்று எழுதினால் இந்தப் பகுதி ஓட்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்போது பஸ்காரர்கள் ஓட்டும் போகும். குடோன், கடை, அப்பா, எல்லாம் தலைக்குள் சுற்றுகிறது. என்ன செய்ய?

ஜெபா


புனே
28 செப்டம்பர் 2024

ஜெபா,

சம்மதம் என்று போன வாரமே அழுத்திவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனவே இந்த மெயிலுக்கு நீ மட்டும் பதில் எழுத முடியாது. கீழே இருப்பதை நான் எழுதியிருக்கிறேன். சரி என்றால் இரண்டு பேர் பெயரும் போட்டு அனுப்பு.

‘அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை விளையாடாதவர்களுடையவை. எங்கள் மீதுள்ள பிரியத்தில் போட்டவை. அவற்றை நீக்கிவிடுங்கள். ஆனால் எங்கள் ஊரில் இதை உண்மையாகவே விளையாடும் ஒரு பஸ் இருக்கிறது. இந்தப் பகுதியிலிருந்து ஓட்டுப் போட்ட எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வளைவில் இறங்கினீர்கள், ஏன்? பதில் சொல்லத் தெரிந்தவர்களின் ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள்.’

உன் அப்பாவிடம் நீயே சொல். கிங்ஸ்லியைத் திட்டாதே. தினமும் காலையில் கம்பம் போய் அந்த பஸ்ஸில் ஏறச் சொல். முதல் நாளே இறக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. மதினி நேற்று கூப்பிட்டார். “மத்த அஞ்சும் என்னன்னு தெரியாம எப்படி ஓட்டுப் போடுறது?” என்று கேட்டு, எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றை மட்டும் முழுசாக எழுதிக் கேட்டார். இந்தோனேசியாவில் ஒருவர் தனியாகச் செய்தது. சரக்குக் கப்பலின் அடுப்படி ஆட்கள் நாம். கரை தெரியவில்லை, சாமான் குறைந்துகொண்டே வருகிறது, இருப்பதை வைத்து எல்லோருக்கும் சோறு போட வேண்டும். ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது, ஜெபா. நம்முடையதை விடவா என்று கேட்காதே.

கயல்


போடிநாயக்கனூர்
14 அக்டோபர் 2024

கயல்,

முடிவைப் பார்த்திருப்பாய். நான்காவது இடம்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஓட்டை நாங்களே நீக்கச் சொன்னோம் என்றதும், “கலப்பட மூட்டைன்னு நாமளே சொல்லித் திருப்பி எடுத்த மாதிரி” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பெட்டிகளைக் குடோனிலிருந்து எடுத்து மாடியில் என் அறையில் அடுக்கியாயிற்று. நவம்பரிலிருந்து கடையில் உட்காருகிறேன். அது மாறவில்லை. ஞாயிறும் ஏலக்காய் ஏலம் இல்லாத நாட்களின் சாயங்காலமும் என்னுடையது என்று பேசி வாங்கியிருக்கிறேன். அழுதேன் என்று எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். ஒரு நாள் அழுதேன்.

ஆனால் விருதுக்காரர்கள் அனுப்பியிருப்பதை நீ படிக்க வேண்டும். நம் கேள்விக்கு வந்த பதில்களை எல்லாம் தொகுத்து அனுப்பியிருக்கிறார்கள். அய்யாத்துரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். சீலையம்பட்டியில் ஏறும் ஒரு டீச்சர், பன்னிரண்டாவது வளைவில் தன் மாமியாரோடு சமாதானமாகி இறங்கிவிட்டாராம். நடத்துனரும் பதில் போட்டிருக்கிறார்! ‘நான் விளையாடவில்லை, ஆனால் ஒன்பதில் இறங்கியிருப்பேன்’ என்று. அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். பாவம். கிங்ஸ்லியின் ஆட்களில் ஒரே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்: ‘போடியில் இறங்கினேன், வீடு அங்கேதான்.’

இப்போது முக்கியமானது. முடிவு வந்த அன்று பஸ்ஸில் போய்ச் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பூமாரி மதினி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, “ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் கப்பல்காரனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்” என்றார்.

“முன்மொழிஞ்சதே நீங்கதான?” என்றேன்.

“ஆமா. உங்களோடது வெளிய தெரியணும்னு மொழிஞ்சேன். அதுக்கப்புறம் ஆறையும் பாத்தேன். எனக்குக் கப்பல் புடிச்சிருந்துச்சு. உண்மையச் சொன்னா எங்கள்ல நாலு பேரு அதுக்குத்தான் போட்டோம். அவன் அங்கன ஒத்தையாள் போல ஆத்தா. உங்களுக்கு நாங்க இருக்கோம்ல?”

கயல், கப்பல்காரர் மூன்றாவது இடம். நமக்கும் அவருக்கும் வித்தியாசம் மூன்றே ஓட்டு.

சாயங்காலம் வரை கோபமாகத்தான் இருந்தேன். பிறகு நீ மொழிபெயர்த்ததை மதினியிடமிருந்து வாங்கிப் படித்தேன். கடைசி அரிசி மூட்டை நனைந்துபோகும் இடத்தில் நிறுத்த முடியவில்லை. நான் ஏன் மற்ற ஐந்தையும் ஒருதடவைகூடத் திறந்து பார்க்கவில்லை?

ஜெபா


அனுமந்தன்பட்டி
29 அக்டோபர் 2024

ஜெபா,

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைப்போம். அதனால் மதினி கையில் இந்தச் சீட்டு. நீ சாராள் அத்தை வீட்டுக்கு வந்திருப்பதாக அவர்தான் சொன்னார்.

கப்பல்காரருக்கு எழுதினேன். தேனி என்கிற ஊரிலிருந்து தனக்கு ஓட்டு வந்ததைப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தாராம். அவருடைய விளையாட்டை அவர் ஊரிலேயே பத்துப் பேர் விளையாடியிருந்தால் அதிகமாம். தமிழில் அச்சிட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறார். பஸ்ஸில் விளையாடும்போது என்ன சமைத்தோம் என்று அவருக்கு எழுத வேண்டுமாம்.

நம் இரண்டாம் பதிப்பில் பஸ் விதியைச் சேர்க்க மதினி சம்மதித்துவிட்டார். பெயர் போடும் இடத்தில் ‘காலை பஸ்காரர்கள்’ என்று இருக்க வேண்டுமாம். நம் பெயர்களுக்கு முன்னாலா பின்னாலா என்று நீயும் நானும் சண்டை போட்டுக்கொள்ளலாம். எனக்கு நேரம் இருக்கிறது, திங்கட்கிழமைதான் திரும்புகிறேன்.

நாளை காலை கப்பல் முதல் தடவை கிளம்புகிறது. நான் அனுமந்தன்பட்டியில் ஏறுகிறேன். தீபாவளிக் கூட்டமாக இருக்கும். நீ கம்பத்திலேயே ஏறிவிடுவாய் அல்லவா, உன் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் போட்டுவை.

கயல்